வயது ஏறும்போது காதும் பாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மாவுக்கு அப்போது எழுபது வயதிருக்கும். ஓர் இரவு வாசலில் உட்கார்ந்திருந்தபோது, “இப்போதெல்லாம் சிள்வண்டு கத்துவதே இல்லை, கவனித்தாயா?” என்று கேட்டார். சுற்றிலும் காது கூசும்படி சிள்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. என்ன சொல்வதென்று தெரியாமல் “ஆமாம் அம்மா” என்று சொல்லிவிட்டேன். மறுநாளே அவரைச் சோதனைக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். அழைத்துப் போக நான்கு ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவர் பாட்டுக் கேட்பதையே நிறுத்தியிருந்தார். வயதாகிவிட்டது, பாட்டில் இருந்த பற்று போய்விட்டது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தோம். பற்று அப்படியே இருந்தது, காதுதான் கைவிட்டிருந்தது.

அதன் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். இப்போது எனக்கே ஐம்பத்தெட்டு வயது. உறவினரும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

வயதானால் காது ஏன் மந்தமாகிறது?

காற்றில் வரும் அதிர்வு செவிப்பறையைத் தட்டுகிறது. மூன்று சிற்றெலும்புகள் அதை உட்காதுக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தை ஓட்டைப் போல ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதைக் காக்ளியா என்கிறார்கள். அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 3,500 செல்கள் உள்வரிசையில் நின்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மற்றவை வெளிவரிசையில் நின்று, மெல்லிய ஒலிகளைப் பெருக்கித் தருகின்றன, அடுத்தடுத்த சுரங்களைப் பிரித்துக் காட்டுகின்றன. பிறக்கும்போது கிடைத்த கையிருப்பு இவ்வளவுதான். பறவைகளுக்கு இந்தச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைக்கும். மனிதர்களுக்கு முளைப்பதில்லை.

காக்ளியாவில் ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம் உண்டு. குழலின் வாசலில் கீச்சென்ற உயர் ஒலிகள், உள்ளே போகப்போகக் கனத்த தாழ்ந்த ஒலிகள். ஒலியலை இந்தக் குழலுக்குள் எப்படிப் பயணம் செய்கிறது என்று கண்டறிந்ததற்காக கியார்க் வான் பெகேஷிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. முதுமையில் முதலில் நலிவது அந்த வாசல் பகுதிச் செல்கள்தான். இதோடு வேறு இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. காக்ளியாவுக்கு மின்கலம் போலச் சக்தி கொடுக்கும் திசு தளர்கிறது. செல்லையும் நரம்பையும் இணைக்கும் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. யாருக்கு எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். பரம்பரையும், வாழ்நாளில் காது பட்ட சத்தமும், சில மருந்துகளும் அதைத் தீர்மானிக்கின்றன.

எந்த வயதில் இது தொடங்கும்?

பெரும்பாலோர் நினைப்பதைவிட வெகு முன்பே. குழந்தைக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரை கேட்கும். இருபதுகளிலேயே அந்த மேல் விளிம்பு மெல்லக் கரையத் தொடங்குகிறது. நடுவயதில் பலருக்கு 12,000 முதல் 15,000 ஹெர்ட்ஸோடு எல்லை முடிந்துவிடும். கூட்டமாக நிற்கும் இளைஞர்களை விரட்டுவதற்கென்று 2005-இல் பிரிட்டனில் ஒரு கருவி செய்தார்கள். அது ஏறத்தாழ 17,400 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். பதின்வயதினருக்கு எரிச்சலாக இருக்கும், நாற்பது வயதுக்காரர் அதன் பக்கத்திலேயே நின்றாலும் பெரும்பாலும் எதுவும் கேட்காது. பிள்ளைகளை அப்படி விரட்டுவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் காது எவ்வளவு சீக்கிரம் வயதாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அந்த மேல் விளிம்பு போவதை யாரும் உணர்வதில்லை, ஏனென்றால் பேச்சு அங்கே இல்லை. நலிவு பேச்சின் எல்லைக்குள் இறங்கும்போதுதான் தெரியவருகிறது. அது பெரும்பாலும் ஐம்பதுகளிலோ அறுபதுகளிலோ நடக்கும், ஆண்களுக்குச் சற்று முன்னதாக. அறுபதைக் கடந்தவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோருக்கு அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவிக்குறை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

முதலில் எந்த ஒலிகள் போகும்?

சிள்வண்டு. கைக்கடிகாரத்தின் பீப். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானியின் பீப். சில பறவைகளின் குரல். இவை ஒவ்வொன்றும் போகும்போது, அந்தப் பொருளே உலகத்தில் இல்லாமல் போனது போலத் தோன்றும். காது கேட்கவில்லை என்று தோன்றவே தோன்றாது. அம்மாவுக்குச் சிள்வண்டு இல்லாமல் போனதும் இப்படித்தான்.

பாட்டில் எப்படித் தெரியும் என்பதற்கு எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இருபது வயதிலிருந்து நான் கேட்டுவரும் ஓர் ஒலிப்பதிவு உண்டு. ஒரு பெண் குரல், ஒரு வயலின், வேறு எதுவும் இல்லை. ஒவ்வொரு அடியும் தொடங்குவதற்கு முன் அவர் மூச்சை இழுப்பது கேட்கும். வில் நரம்பைத் தொடும் கணத்தில் மணலில் கால் வைப்பது போன்ற ஒரு சிறு உராய்வு கேட்கும். சென்ற ஆண்டு என் மகளுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். “அப்பா, இவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல இருக்கிறது” என்றாள். நான் மறுபடி போட்டுக் கேட்டேன். குரல் இருந்தது, வயலின் இருந்தது. மூச்சு இல்லை. அது எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது. அத்தனை ஆண்டுகளாக என் மூளை அந்த மூச்சை நினைவிலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டிருந்தது போலும்.

பேசுவது காதில் விழுகிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று புரிவதில்லை. ஏன்?

உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில், நல்ல பலத்தோடு வருகின்றன. வல்லின மெய்கள் மெலிந்தவை, உயர் அதிர்வெண்ணில் கண நேரம் தோன்றி மறைபவை. படி, கடி, தடி என்று சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் கேட்கும் பலமான பகுதி ஒன்றுதான். ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரிப்பது தொடக்கத்தில் வரும் அந்தச் சிறு வெடிப்பு மட்டுமே. அது காதுக்கு எட்டவில்லை என்றால் பால், கால், சால் எல்லாம் ஒரே சொல். அமைதியான அறையில் மூளை சூழலை வைத்து ஊகித்துக்கொள்ளும். நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் அந்த ஊகம் தோற்றுவிடும்.

பாட்டு வரிகளுக்கு இது இன்னும் கடினம். பின்னணியில் தாளமும் தந்திக் கருவிகளும் ஒலிக்கும்போது அந்தச் சிறு வெடிப்புகள் மூழ்கிப்போகின்றன. “இப்போது பாடுகிறவர்களுக்கு உச்சரிப்பே இல்லை” என்ற குறை எல்லா வேளையிலும் பாடுகிறவரின் குறையாக இருப்பதில்லை. இளமையில் மனப்பாடமான பாட்டின் வரிகள் மட்டும் முதுமையிலும் துல்லியமாகக் கேட்பது, அவை ஏற்கெனவே உள்ளே எழுதப்பட்டிருப்பதால்தான்.

“சத்தமாகப் பேசு” என்கிறார். சத்தமாகப் பேசினால் “ஏன் கத்துகிறாய்” என்று கோபப்படுகிறார். வேண்டுமென்றே செய்கிறாரா?

இல்லவே இல்லை. இந்த ஒரு செய்தியாவது ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறேன். வெளிவரிசைச் செல்கள் அழிந்த காதில் மெல்லிய ஒலி விழாது. ஒலி ஒரு அளவைத் தாண்டினால் பழைய பலத்தோடு சட்டென்று பாய்ந்து வரும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் பொறுக்க முடியாத அளவுக்கும் நடுவே முன்பு அகலமான முற்றம் இருந்தது. இப்போது அது சந்து போல ஒடுங்கிவிட்டது. நீங்கள் குரலை உயர்த்தும்போது அந்தச் சந்தை ஒரே எட்டில் கடந்துவிடுகிறீர்கள். முகம் பார்த்து, சற்று நிதானமாக, இயல்பான குரலில் பேசினால் போதும்.

பாட்டிலும் இதே தொல்லைதான். மெதுவான பகுதியில் ஒன்றும் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுவார், தாளம் சேர்ந்ததும் பதறிப்போய்க் குறைப்பார்.

பாட்டின் சுரங்கள் அவ்வளவு உயரத்தில் இல்லையே. உயர் ஒலி போனால் இசைக்கு என்ன நட்டம்?

நல்ல கேள்வி. பியானோவின் 88 கட்டைகளில் மிகத் தாழ்ந்தது 27.5 ஹெர்ட்ஸ், மிக உயர்ந்தது சுமார் 4,186 ஹெர்ட்ஸ். மனிதக் குரலின் சுரங்கள் இதைவிடக் கீழேயே நின்றுவிடும். ஆகவே மெட்டு போவதில்லை. எழுபது வயதிலும் மெட்டு மெட்டாகவே கேட்கும்.

போவது நிறம். ஒவ்வொரு சுரத்தின் மேலும் அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று கிளைச்சுரங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஒரே சுரத்தைப் புல்லாங்குழலும் வயலினும் வாசித்தால் நாம் வேறுபாடு கண்டுபிடிப்பது அந்த அடுக்குகளின் அமைப்பையும், சுரம் தொடங்கும் கணத்தின் தன்மையையும் வைத்துத்தான். மேலடுக்குகள் உதிர்ந்தால் கருவிகள் ஒன்றை ஒன்று ஒத்துப்போகின்றன. கஞ்சிரா, ஜால்ரா போன்றவற்றின் சிலிர்ப்பு மங்குகிறது. கம்பளி போர்த்திய அறைக்குள் இருந்து பாட்டு வருவது போல இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பழகிய பாட்டு சுருதி விலகி ஒலிப்பது போல இருக்கிறது. இது சாத்தியமா?

சாத்தியம்தான். ஆதாரச் சுருதி இல்லாமலே ஒரு சுரத்தை இன்னதென்று சொல்லும் திறன் சிலருக்கு உண்டு. அவர்களில் பலருக்கு நடுவயதைக் கடந்தபின் எல்லாச் சுரமும் அரைச் சுரமோ அதற்கு மேலோ உயர்ந்து ஒலிக்கத் தொடங்குகிறது. அந்தத் திறன் இல்லாத நமக்கு இந்த விலகல் தெரியவே தெரியாது. எல்லாம் ஒன்றாக நகர்வதால் உறவு மாறுவதில்லை.

பிரெஞ்சு இசையமைப்பாளர் கேப்ரியல் ஃபோரேவுக்கு நேர்ந்தது கொடுமையானது. பாரிஸ் இசைக் கல்லூரியின் தலைவராக 1905 முதல் 1920 வரை இருந்தவர். அவருக்குச் செவித்திறன் குறைந்ததோடு, தாழ்ந்த சுரங்கள் உயர்ந்தும் உயர்ந்த சுரங்கள் தாழ்ந்தும் கேட்டன. தன் இசையையே சரியாகக் கேட்க முடியாத நிலையில் அவர் கடைசிவரை எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் பீத்தோவனை நினைப்பவர்கள் உண்டு. அவருடையது முதுமைச் செவிடு அன்று. இருபதுகளின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது.

“இந்தக் காலப் பாட்டெல்லாம் ஒரே இரைச்சல்” என்கிறார் மாமா. இது ரசனையா, காதா?

இரண்டும்தான். ஆனால் காதின் பங்கை எல்லோரும் மறந்துவிடுகிறோம், அதனால் முதலில் காதுக்காகப் பேசுகிறேன்.

நல்ல காது, அடுத்தடுத்து நிற்கும் சுரங்களைத் தனித்தனியே பிரித்துக்கொடுக்கும். வெளிவரிசைச் செல்கள் குறைந்தால் அந்தப் பிரிப்பு தளர்கிறது. ஒரு சுரத்துக்கான இடம் பக்கத்துச் சுரத்தின் மேல் படர்கிறது. குரல், இரண்டு மூன்று தந்திக் கருவிகள், பல அடுக்குத் தாளம், நடுவில் மின்னொலிகள் என்று நெருக்கிக் கட்டிய பாட்டு, பிரிக்க முடியாத ஒரே கட்டியாக உள்ளே போகிறது. அதோடு, 1990-களிலிருந்து பல ஒலிப்பதிவுகளில் மெல்லிய இடங்களையும் பலமான இடங்களுக்குச் சமமாகத் தூக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. மூச்சுவிட இடம் இல்லாத ஒலி அது. முன்பு சொன்ன ஒடுங்கிய சந்துக்குள் அந்த ஒலி முட்டிக்கொண்டு நிற்கிறது. “இரைச்சல்” என்று மாமா சொல்வது தீர்ப்பு அன்று, அவர் காதில் விழுவதை உள்ளபடியே சொல்கிறார்.

அதே மாமா ஒரு குரலும் ஒரு கருவியுமாக உள்ள பாட்டை விரும்பிக் கேட்பதைப் பாருங்கள். பழையது என்பதால் மட்டும் அல்ல, இடைவெளி இருப்பதால். அதே அமைப்பில் நேற்று வந்த பாட்டைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் முகம் மலரும்.

ரசனையின் பங்கு வேறு. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

இளமையில் கேட்ட பாட்டுகள் மட்டும் ஏன் நெஞ்சை விட்டுப் போவதில்லை?

முதியவர்களிடம் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ பத்து முதல் முப்பது வயது வரையிலான நினைவுகள் மற்ற காலங்களைவிட அதிகமாக வரும். உளவியலாளர்கள் இதை நினைவின் மேடு என்பார்கள். முதல் காதல், முதல் வேலை, வீட்டை விட்டு முதல் பயணம் எல்லாம் அந்தக் காலத்தில்தான். அப்போது ஒலித்த பாட்டு அவற்றோடு பின்னிக்கொள்கிறது.

1989-இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பல வயதினருக்கு வெவ்வேறு ஆண்டுகளின் பிரபலப் பாட்டுகளைப் போட்டு மதிப்பெண் கேட்டார்கள். கேட்பவருக்கு ஏறத்தாழ இருபத்து மூன்றரை வயது இருந்தபோது வெளிவந்த பாட்டுகளே உச்ச மதிப்பெண் பெற்றன.

எனக்கு இதைவிடப் பிடித்தது 2013-இல் கேரல் க்ரம்ஹான்ஸல் வெளியிட்ட ஆய்வு. இருபது வயது இளைஞர்களிடம் பல பத்தாண்டுகளின் பாட்டுகளைக் கேட்கச் செய்தார். தங்கள் காலப் பாட்டோடு, தங்கள் பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாட்டுகளிலும் அவர்களுக்குத் தனிப் பற்று தெரிந்தது. அப்பா வண்டி ஓட்டும்போது முணுமுணுத்ததும் அம்மா துணி மடிக்கும்போது பாடியதும் பிள்ளையின் காதில் தங்கிவிடுகின்றன. ஆகவே வீட்டில் பாட்டுப் போடுகிறவர்களே, நீங்கள் உங்களுக்காக மட்டும் போடவில்லை.

வயதானபின் புதிய பாட்டு பிடிக்கவே பிடிக்காதா?

பிடிக்கும். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விடைகளைத் திரட்டி 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, ரசனை வாழ்நாள் முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று காட்டியது. பதின்வயதில் வேகமும் முரட்டுத்தனமும் உள்ள இசை, இருபது முப்பதுகளில் அந்தந்தக் காலத்தின் நடன இசையும் மென்மையான இசையும், நடுவயதுக்குப் பிறகு நிதானமும் நுணுக்கமும் உள்ள இசையும் எளிய நாட்டுப்புறச் சாயல் இசையும் முன்னுக்கு வருகின்றன. பதின்வயதில் கத்திய இசையை விரும்பியவர் ஐம்பதில் செவ்வியல் இசைக்கு வருகிறார் என்றால், அவர் புதிதாக ஒன்றைக் கற்றிருக்கிறார் என்றுதான் பொருள்.

குறைவது கேட்கும் நேரமும், இசை வாழ்க்கையில் வகிக்கும் இடமும். பதினேழு வயதில் நீ யார் என்று கேட்டால் பிடித்த பாட்டைச் சொல்வோம், நாற்பதில் வேலையையும் பிள்ளைகளையும் சொல்வோம். ஒரு புதுப் பாட்டு மனத்தில் இறங்க நாலைந்து முறையாவது கேட்க வேண்டும். இளைஞர்களுக்கு அது தானாக நடக்கிறது. முதியவர்கள் ஒருமுறை கேட்டுவிட்டு ஒதுக்கிவிடுகிறார்கள்.

வேகமும் ஒரு காரணம். மேசையில் விருப்பப்படி தாளம் தட்டச் சொன்னால் குழந்தை விரைவாகத் தட்டும், முதியவர் நிதானமாகத் தட்டுவார். உடம்புக்கு இயல்பான நடை வயதோடு தளர்கிறது.

இசைவும் அபசுரமும் முன்போல உறைப்பதில்லை. இது கற்பனையா?

கற்பனை இல்லை. ஆலிவர் போன்ஸ், கிறிஸ்டோபர் பிளாக் ஆகியோர் 2015-இல் இதைச் சோதித்தார்கள். இணைந்தொலிக்கும் சுரங்களை இளையவர்கள் மிக இனிமை என்றும், முரண்படும் சுரங்களை மிகக் கசப்பு என்றும் மதிப்பிட்டார்கள். வயதானவர்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறுகியிருந்தது. அவர்களுடைய மூளைத்தண்டில் பதிவான மின் அலைகளிலும் அந்த வேறுபாடு மங்கியிருந்தது. நரம்பு முன்போல நேரம் தவறாமல் துடிப்பதில்லை என்பதே காரணம்.

வாழ்நாள் முழுவதும் இசை பயின்றவர்களுக்குக் காது கெடாதா?

காதின் செல்கள் கெடத்தான் செய்யும். மெல்லிய ஒலியைக் கேட்கும் எல்லையைப் பொறுத்தவரை, முதிய இசைக்கலைஞருக்கும் மற்றவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் சத்தத்துக்கு நடுவே ஒரு குரலைப் பிடித்தெடுப்பதில் கலைஞர்கள் முந்துகிறார்கள். காது கொடுக்கும் குறைந்த செய்தியிலிருந்து அவர்களின் மூளை அதிகம் எடுத்துக்கொள்கிறது.

அமைதியாக இருக்கும்போது எங்கோ பாட்டுக் கேட்கிறது. யாரும் போடவில்லை. மனநோயோ என்று பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம். செவிக்குறை உள்ளவர்களுக்கு இது நேர்வதுண்டு. வெளியிலிருந்து வரும் செய்தி குறைந்ததும் மூளை தன் சேமிப்பிலிருந்து பழைய பாட்டுகளை எடுத்து ஓட்டுகிறது. பலர் வெட்கப்பட்டு இதை யாரிடமும் சொல்வதில்லை. தனிமையில் பயந்துகொண்டே இருக்கிறார்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு காரணம் இல்லை என்று அவர் உறுதி செய்துகொள்ள வேண்டும். காது கேட்கும் கருவியோ, அறையில் மெல்லிய வெளியொலியோ இருந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். காதில் ஓயாமல் கேட்கும் இரைச்சலுக்கும் இது பொருந்தும்.

காது கேட்கும் கருவி மாட்டினால் பேச்சு தெளிகிறது, பாட்டு கெட்டுவிடுகிறது. கருவியே பழுதா?

பழுது இல்லை. அந்தக் கருவி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. நீண்டு ஒலிக்கும் ஒரே சுரத்தைக் கேட்டால் அது தன்னுடைய விசில் சத்தம் என்று கருவி நினைத்துக்கொண்டு அதை அழிக்கப் பார்க்கும். புல்லாங்குழல் நடுங்குவது அதனால்தான். பின்னணி இசையை இரைச்சல் என்று எண்ணிக் குறைத்துவிடும். நேரில் கேட்கும் கச்சேரியின் பலமான இடங்கள் கருவியின் நுழைவாயிலிலேயே நசுங்கிவிடவும் கூடும்.

கருவி பொருத்தும் நிபுணரிடம் போய், “பாட்டுக்கென்று தனி அமைப்பு வேண்டும்” என்று கேளுங்கள். கேட்டால்தான் செய்வார்கள். விசில் தடுப்பு, இரைச்சல் குறைப்பு இரண்டையும் அந்த அமைப்பில் அணைக்கவோ தளர்த்தவோ சொல்லுங்கள். உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு பாட்டைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே போட்டுக் கேட்டுத் திருத்தச் சொல்லுங்கள். அம்மாவுக்கு மூன்று முறை போய் வந்தபிறகுதான் சரியாக அமைந்தது. முதல் முறையே வெறுத்துப்போய்க் கருவியை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறவர்களை நினைத்தால் மனம் வருந்துகிறது.

செவிக்குறைக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு உண்டா?

உண்டு. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் வெளியிட்ட, மறதி நோய்க்கு வழிவகுக்கும் மாற்றத்தக்க 14 காரணங்களில் செவிக்குறையும் ஒன்று. கருவி மாட்டினால் தடுக்க முடியுமா என்பதற்கு நேர்மையான பதில் கொஞ்சம் சிக்கலானது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரை உள்ளவர்களிடம் நடந்து 2023-இல் வெளியான பெரிய சோதனையில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பயன் தெரியவில்லை. அறிவுத்திறன் குறையும் அபாயம் அதிகமாக இருந்த குழுவில் மட்டும், மூன்று ஆண்டுகளில் அந்தச் சரிவு 48 சதவீதம் மெதுவாகியிருந்தது.

மறதி நோய் வந்தபின்னும் பழகிய பாட்டின் நினைவு வெகுகாலம் நிற்கிறது. பிள்ளையின் பெயரை மறந்தவர் பாட்டின் அடுத்த அடியை எடுத்துப் பாடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இருப்பதையாவது காப்பாற்ற என்ன செய்யலாம்?

முதுமையை நிறுத்த முடியாது, சத்தத்தை நிறுத்தலாம். சத்தத்தின் பலத்தை டெசிபல் என்ற அலகில் அளக்கிறார்கள். 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழில் பாதுகாப்புக்கான ஒரு வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-இல் நான்கு மணி, 91-இல் இரண்டு மணி. இப்படியே ஏறினால் 100 டெசிபலில் பதினைந்தே நிமிடம். ஒலிபெருக்கிக்கு அருகே நிற்கும் நிகழ்ச்சிகளில் அந்த அளவு சாதாரணம். இயர்போனில் பாட்டுக் கேட்பவர்களுக்கு, வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நிகழ்ச்சி முடிந்து காது அடைத்து, மறுநாள் சரியாகிவிட்டால் ஆபத்தில்லை என்று நினைத்திருந்தோம். 2009-இல் எலிகளிடம் நடந்த ஒரு சோதனை அந்த நம்பிக்கையை உடைத்தது. கேட்கும் எல்லை பழைய நிலைக்குத் திரும்பியது, செல்களும் பிழைத்தன, ஆனால் நரம்பு முடிச்சுகளில் பெரும்பகுதி நிரந்தரமாக அழிந்திருந்தது. சத்தமான இடத்துக்குக் காதடைப்பான் கொண்டுபோவதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

ஒரு காது மட்டும் திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கேட்காமல் போனால் அன்றைக்கே போங்கள். சிகிச்சைக்கு நாள் தள்ளினால் பலன் குறையும். ஒரு காதில் மட்டும் குறை, சீழ், தலைச்சுற்றல் இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். மற்றபடி, ஐம்பது வயதானால் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. வெறும் குறும்பி அடைத்திருந்து அதை எடுத்ததும் சரியானவர்களும் உண்டு. நீங்களே குச்சி விட்டு எடுக்காதீர்கள், அது உள்ளே தள்ளிவிடும்.

வழக்கமான சோதனை 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கிறது. முடிவு சரி என்று வந்தும் கூட்டத்தில் பேச்சு புரியவில்லை என்றால், இரைச்சலுக்கு நடுவே பேச்சைக் கேட்கும் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அப்பாவுக்கு மறுபடி பாட்டுப் பழக்கம் வர வேண்டும். எப்படித் தொடங்குவது?

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் போடாதீர்கள். அதில் கனத்த ஒலி வராது, அவர் காதில் உயர் ஒலி விழாது, நடுவில் மிஞ்சுவது தகர ஓசை மட்டும். ஒரு நல்ல ஒலிபெருக்கியை அவருக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் வையுங்கள். உயர் ஒலிக்கான டிரெபிளைக் கொஞ்சம் கூட்டி, கனத்த ஒலிக்கான பேஸைக் கொஞ்சம் குறையுங்கள். தொலைக்காட்சியையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். ஒலி அளவை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

அவருக்குப் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயது வரை இருந்தபோது வந்த பாட்டுகளைத் தேடி எடுங்கள். ஒரு குரலும் ஓரிரு கருவிகளும் உள்ளவையாக முதலில் தேர்ந்தெடுங்கள். சில நாள் கழித்து நடுவில் உங்கள் பாட்டு ஒன்றைச் சேருங்கள். வரிகளை முன்கூட்டியே பேச்சாகச் சொல்லிவிடுங்கள், காது பாதி வேலையைச் செய்தால் போதும். அதே பாட்டை மறுநாளும் போடுங்கள், அதற்கு மறுநாளும் போடுங்கள்.

அம்மாவுக்கு நான் போட்ட முதல் புதுப் பாட்டை அவர் பாதியில் நிறுத்தச் சொன்னார். இரண்டாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மாலை நான் வேறு வேலையாக இருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது: “அந்தப் பெண் பாடுவாளே, நடுவில் ஒரு மணி அடிக்குமே, அதைப் போடேன்.”